சீசன் முடிந்ததும் என்ன பேச வேண்டும்? – விளையாட்டு டீச்சர் பதில்கள்

போன இதழில், ஆஸ்திரேலியாவின் ஃபுட்டி கிளப்புகள் சீசன் முடிந்ததும் ஒவ்வொரு ஆட்டக்காரரையும் தனியாக உட்கார வைத்து அந்த வருட ஆட்டத்தை அலசுவார்கள், நம்ம பக்கத்து அணிகளும் அதைச் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள்தான் இந்த இதழ் முழுக்க. புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மகள் மெல்பர்னில் இருப்பதால் அங்கே போகும்போதெல்லாம் இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகிவிட்டேன்.

ஃபுட்டி, ஃபுட்டிங்கீங்களே டீச்சர், அது ஃபுட்பாலா, ரக்பியா?
– ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

இரண்டும் இல்லை. 1859-இல் மெல்பர்ன் கிளப்காரர்கள் விதி எழுதி வளர்த்த தனி ஆட்டம். கிரிக்கெட் மைதானத்திலேயே ஆடுவார்கள். பந்து நீள்வட்டம், பக்கத்துக்கு 18 பேர். பந்தை உதைக்கலாம், ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம், எறியக் கூடாது. இரண்டு முனையிலும் நாலு நாலு கம்பம். நடுவில் உள்ள இரண்டுக்குள் உதைத்தால் கோல், அதற்கு 6 புள்ளி; ஓரத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. ஏ.எஃப்.எல். என்ற பெரிய லீக்கில் இப்போது 18 கிளப்புகள். மார்ச்சில் தொடங்கி ஆகஸ்டு வரை லீக் நடக்கும். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, வழக்கமாக மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஒரு லட்சம் பேர் முன்னால் இறுதிப் போட்டி. எந்தக் கிளப் வெளியேறினாலும் சில நாட்களிலேயே இந்தத் தனித்தனிப் பேச்சு தொடங்கிவிடும்.

என் மகன் மெல்பர்ன்ல இருக்கான். அவன் கொண்டாடுத கிளப் இந்த வருசம் ரொம்பக் கீழ போயிட்டு. அவனும் கூட்டாளிமாரும் ஆளாளுக்குப் பத்துக்கு இத்தனைன்னு மார்க் போடுதாங்க. பின்வரிசையில நிக்குத ஒருத்தனுக்கு மூணு மார்க் போட்டுட்டு, எனக்குப் போன்ல அரை மணி நேரம் விளக்கம் சொல்லுதான். இது சரியா?
– ஒரு தகப்பனார், வள்ளியூர்

மார்க் போடட்டும் அண்ணாச்சி, அது ரசிகர்களின் உரிமை. ஆனால் அந்த மூன்று மார்க் எதற்கு என்று மகனிடம் கேளுங்கள்.

இந்த லீக்கில் சாம்பியன் டேட்டா என்ற நிறுவனம் ஒவ்வொரு உதையையும், கையால் குத்தி அனுப்பியதையும், பிடித்ததையும், தடுத்ததையும் எண்ணி வைக்கிறது. நடுக்களத்தில் ஓடுகிறவர் ஒரு ஆட்டத்தில் முப்பது தடவை பந்தைத் தொட்டு அனுப்பிவிடுவார். மறுநாள் பேப்பரில் அவர் பெயர்தான் முதலில் வரும். பின்வரிசையில் நிற்பவருடைய வேலை வேறு. எதிரணியின் உயரமான ஆளோடு தோளோடு தோள் நிற்க வேண்டும். பந்து மேலே வரும்போது அதைப் பிடிக்க ஆசைப்படாமல், முஷ்டியால் குத்தி அப்பால் தள்ள வேண்டும். நாள் முழுக்க இதைச் செய்தவர் பத்து தடவைகூடப் பந்தை அனுப்பியிருக்க மாட்டார். ஆனால் வழக்கமாக நாலு கோல் போடுகிற ஆள் அன்றைக்கு ஒன்றோடு நின்றிருப்பார். அந்த மூன்று கோலை யார் கணக்கில் எழுதுவது?

நம்ம கபடியிலும் இதே கதைதான். பாடிப் போய் மூன்று பேரைத் தொட்டு வருகிறவனுக்குக் கோயில் கொடையில் மாலை விழும். இடது கார்னரில் நின்றுகொண்டு, எதிரியை உள்ளேயே வரவிடாமல் ஓரத்தோடு திருப்பி அனுப்புகிற பையனை யாரும் கவனிப்பதில்லை. அவன் பிடிக்கவில்லை, அதனால் புள்ளி இல்லை. வந்தவனும் வெறுங்கையோடு போனான் என்பது எந்த நோட்டிலும் ஏறாது.

அப்புறம், கீழே கிடக்கும் அணியின் பின்வரிசைக்கு மார்க் போடும்போது ரொம்பவே நிதானம் வேண்டும். 2025-இல் வெஸ்ட் கோஸ்ட் கிளப் 23 ஆட்டத்தில் ஒன்றில்தான் ஜெயித்தது. அந்த மாதிரி வருடத்தில் நடுக்களத்தில் பந்து பறிபோய்க்கொண்டே இருக்கும். பின்னால் நிற்பவர்கள் மூச்சு வாங்க நேரமில்லாமல் தடுத்துக்கொண்டே இருப்பார்கள். கோல் விழுகிற இடத்தில் அவர்கள் நிற்பதால் பழியும் அவர்கள் மேல்தான் விழும். முதலிடத்தில் முடித்த கிளப்பின் பின்வரிசைக்காரரோடு இவரை ஒரே அளவில் வைத்துப் பார்ப்பது அநியாயம்.

வயதையும் கேளுங்கள். பத்தொன்பது வயதுப் பையனுக்கும் முப்பதை எட்டியவருக்கும் ஒரே தாளில் மார்க் போட முடியாது. ஆட்டம் தொடங்கும்போது நடுவர் பந்தை மேலே எறிவார்; 2025 வரை தரையில் அடித்து எழுப்பினார்கள். அதற்குத் தாவுகிற நெடிய ஆளை ரக் என்பார்கள். அந்த இடத்தில் ஒருவர் தேற வருடக்கணக்காகும். முதல் இரண்டு வருடத்தைப் பார்த்து ‘தேறமாட்டான்’ என்று எழுதியிருந்தால் பாதி நல்ல ரக்மேன்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். பயிற்சியாளர் அவரிடம் கேட்ட வேலை என்ன, போன வருடத்தைவிட அதை நன்றாகச் செய்தாரா என்று மகன் விசாரிக்கட்டும். அதற்குப் பிறகும் மூன்றுதான் என்றால் சரி, மூன்று போடட்டும்.

பிரவுன்லோ மெடல் வாங்குறவர்தானே கிளப்லயும் சிறந்த ஆட்டக்காரரா இருப்பார்?
– ஒரு கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பல வருடம் ஒருவரே இரண்டையும் வாங்குவார். ஆனால் அப்படித்தான் ஆக வேண்டும் என்றில்லை தம்பி, ஏனென்றால் ஓட்டுப் போடுகிறவர்கள் வேறு. பிரவுன்லோ என்பது மொத்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான மெடல்; 1924-இலிருந்து கொடுக்கப்படுகிறது. ஒவ்வொரு லீக் ஆட்டமும் முடிந்ததும் நடுவர்கள் மூன்று பேருக்கு 3, 2, 1 என்று ஓட்டுப் போடுவார்கள். 2024-இல் கார்ல்டன் கேப்டன் பேட்ரிக் கிரிப்ஸ் 45 ஓட்டு வாங்கி சாதனை படைத்தார்; 2025-இல் கோல்ட் கோஸ்ட்டின் மேட் ரவல் 39. இருவருமே நடுக்கள ஆட்டக்காரர்கள். நடுவர் கண்ணுக்கு முன்னால் பந்தோடு கிடப்பவர்களுக்கு ஓட்டு அதிகம் விழுகிறது.

அதில் நன்னடத்தையும் சேர்த்தி. அந்த வருடம் தடை வாங்கியவருக்கு மெடல் கிடையாது. 1997-இல் கிறிஸ் கிராண்ட் 27 ஓட்டோடு முதலிடத்தில் இருந்தார். தடை இருந்ததால் 26 ஓட்டு வாங்கிய ராபர்ட் ஹார்விக்கு மெடல் போனது.

ஒவ்வொரு கிளப்பும் தன் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற கிளப் மெடலுக்குப் பெரும்பாலும் பயிற்சியாளர்கள்தான் ஓட்டுப் போடுகிறார்கள். யாருக்கு என்ன வேலை கொடுத்தோம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் நடுவர் கண்ணில் படாத பின்வரிசைக்காரருக்கும் அங்கே இடம் கிடைக்கும். எனக்கு மதிப்பு அதிகம் இந்த மெடலின் மேல்தான். ஹாவ்தார்ன் கிளப்பின் மெடலுக்கு பீட்டர் கிரிம்மின்ஸ் பெயர். கேப்டனாக இருந்தவர், புற்றுநோய் வந்தது. 1975 இறுதிப் போட்டிக்குள் திரும்பிவரப் பாடுபட்டார்; அணியில் சேர்க்கவில்லை. 1976-இல் ஹாவ்தார்ன் ஜெயித்த அன்று ராத்திரி கூட்டாளிகள் கோப்பையை அவர் வீட்டுக்கே எடுத்துப் போனார்கள். மூன்றாம் நாள் இறந்துவிட்டார். வயது 28.

கோயில் கொடைக்கு நடந்த கபடி ஃபைனல். கடைசிப் பாட்டு. நாங்க ஒரு பாயிண்ட் முன்னால. எங்க லெஃப்ட் கார்னர் பையன் சும்மா நின்னிருந்தா போதும், ஜெயிச்சிருப்போம். வந்தவன் காலைப் பிடிக்கப் போயி, கூட வந்தவனும் சேந்து மாட்டி, ரெண்டு பாயிண்ட் போயிட்டு. வருசம் முழுக்க நல்லா ஆடின பையன். இப்ப கமிட்டில பாதிப் பேரு அவனைத் தூக்கணும்ங்காங்க. அவனும் பயிற்சிக்கு வரதில்ல. என்ன செய்ய டீச்சர்?
– ஒரு கபடிக் குழுச் செயலாளர், களக்காடு

தம்பி, முதலில் உங்களுக்கு ஜிம் ஸ்டைன்ஸைத் தெரிய வேண்டும்.

அயர்லாந்தின் டப்ளின் ஊர்ப் பையன். அங்கே உருண்டைப் பந்தில் அவர்கள் நாட்டு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தவன். 1984-இல் மெல்பர்ன் கிளப் அழைத்து வந்து இந்த நீள்வட்டப் பந்தைக் கையில் கொடுத்தது. 1987-இல் அந்தக் கிளப் இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டத்தில் ஹாவ்தார்னோடு மோதியது. மெல்பர்ன் கிளப் இறுதிப் போட்டியைப் பார்த்து 23 வருடம் ஆகியிருந்தது; கடைசியாக ஆடியது 1964-இல். ஆட்டம் முடிகிற நேரம், மெல்பர்ன் முன்னால் இருக்கிறது. ஹாவ்தார்னின் கேரி பக்கனாராவுக்கு உதைக்கும் வாய்ப்பு, ஆனால் கோல் கம்பம் ரொம்பத் தூரம். அப்போது ஸ்டைன்ஸ் யோசிக்காமல் அவருக்கு முன்னால் குறுக்கே ஓடினார். அது விதிமீறல். நடுவர் பந்தை 15 மீட்டர் முன்னால் கொண்டு போய் வைத்தார். பக்கனாரா உதைத்தார், கோல். ஹாவ்தார்ன் 2 புள்ளியில் ஜெயித்தது. ஸ்டைன்ஸுக்கு அப்போது வயது 21.

அந்த நாட்டில் விளையாட்டுப் பேசுகிற எல்லாருக்கும் தெரிந்த தவறு அது. மெல்பர்ன் கிளப் அவரைத் தூக்கவில்லை. அடுத்த வருடம் அதே மெல்பர்ன் அணிக்காக இறுதிப் போட்டியில் ஆடினார். 1991-இல் பிரவுன்லோ மெடல் வாங்கினார். கிளப் மெடல் நாலு தடவை. 1987 நடுவில் தொடங்கி 1998 வரை ஒரு ஆட்டம்கூட விடாமல் தொடர்ச்சியாக 244 ஆட்டம். பல வருடம் லீக்கின் சாதனையாக இருந்தது அது. பிறகு அதே கிளப்புக்குத் தலைவராகவும் ஆனார். 1987 சீசன் முடிந்ததும் கமிட்டியில் யாராவது அந்த ஒரு குறுக்கு ஓட்டத்தை வைத்து அவர் கணக்கை முடித்திருந்தால் இவ்வளவும் போயிருக்கும்.

இப்போது உங்கள் பையன். யாரிடமும் சொல்லி அனுப்பாமல் நீங்களே அவன் வீட்டுக்குப் போங்கள். சாயங்காலம் போங்கள், கேப்டனையும் கூட்டிக்கொள்ளுங்கள், வேறு யாரும் வேண்டாம். தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் வருடம் முழுக்க அவன் ஆடியதைச் சொல்லுங்கள். ‘நல்லா ஆடினே’ என்று பொதுவாகச் சொன்னால் அவன் நம்பமாட்டான். எந்த ஊர்ப் போட்டியில், எந்த ஆளை, எப்படி நிறுத்தினான் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு அந்தக் கடைசிப் பிடியையும் பேசியே ஆக வேண்டும். பேசாமல் வந்தால், ‘என் முகத்துக்கு நேரே சொல்லக்கூட மாட்டேங்காங்க’ என்றுதான் அவனுக்குத் தோன்றும்.

அந்தப் பிடியைப் பேசும்போது உங்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. கடைசிப் பாட்டு, ஒரு புள்ளி முன்னிலை, பிடிக்க வேண்டாம் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? கொடை மைதானத்தில் மைக்செட் சத்தத்துக்கு நடுவில் ஸ்கோர் அவன் காதில் விழுந்ததா? கேப்டன் கையைக் காட்டினாரா? வெளியே நின்ற நீங்கள் கத்தினீர்களா? இதற்கெல்லாம் ‘இல்லை’ என்பது பதிலானால் அந்த இரண்டு புள்ளியில் குழுவுக்கும் பங்கு உண்டு. அதைக் கமிட்டியில் எழுந்து நின்று நீங்களே சொல்லுங்கள். அடுத்த வருடப் பயிற்சியில் வாரம் ஒரு நாளாவது கடைசி நிமிடத்தை மட்டும் ஆட விடுங்கள்: ஒரு புள்ளி முன்னால், ஒரு புள்ளி பின்னால், சமம். கேப்டன் என்ன சைகை காட்ட வேண்டும் என்பதையும் அங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவனைத் தூக்க வேண்டும் என்பவர்களிடம், அந்த இடத்தில் நிற்க வேறு யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் யாரும் இல்லை.

மதிப்பீட்டை வாட்ஸ்அப் குரூப்பில் போடலாமா? எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்வார்கள்.
– ஒரு கிரிக்கெட் அணிக் கேப்டன், மேலப்பாளையம்

போடாதீர்கள். மைத்துனனும் பக்கத்து வீட்டுக்காரனும் இருக்கிற குரூப்பில் ஒருவனுடைய குறையை எழுதினால் அவன் அதிலிருந்து ஒன்றும் கற்கமாட்டான். தனியாக, நேரில்.

என் மகள் ஸ்கூல் ஃபுட்பால் டீம்ல ஆடுதா. ஆகஸ்டுல முட்டு திரும்பிட்டு, ஏ.சி.எல். லிகமென்ட் போயிட்டுன்னு ஆபரேசன் பண்ணியாச்சு. ‘இந்த வருசம் வீணாப் போச்சு, எனக்கு என்ன மதிப்பீடு’ன்னு அழுதா. அவளுக்கு என்ன சொல்ல?
– ஒரு அம்மா, தென்காசி

அழட்டும் அம்மா, அழுகிற விஷயம்தான். ஆனால் வருடம் வீணாகவில்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பெண்களுக்கான ஃபுட்டி லீக் 2017-இல்தான் தொடங்கியது. அதில் எரின் ஃபிலிப்ஸ் என்று ஒரு வீராங்கனை. ஃபுட்டிக் குடும்பத்தில் பிறந்தும், பெண்களுக்குப் பெரிய லீக் இல்லாத காலம் என்பதால் கூடைப்பந்துக்குப் போய் நாட்டுக்காக ஆடியவர். லீக் தொடங்கியதும் முப்பது வயதைத் தாண்டித் திரும்பி வந்து, முதல் வருடமே லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். 2019 இறுதிப் போட்டி அடிலெய்ட் ஓவலில், 53,034 பேர் முன்னால். அதில்தான் உங்கள் மகளுக்கு வந்த அதே காயம். மைதானத்திலிருந்து அவரை வெளியே கொண்டு போகும்போது மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. அடுத்த வருடமே மறுபடியும் களமிறங்கி, 2023 வரை ஆடினார்.

இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. குதித்து இறங்கும்போது முட்டு உள்ளே மடியாமல் இறங்கப் பழக்குவது, பின்தொடைக்கு வலு ஏற்றுவது என்று பயிற்சி முறைகள் வந்துவிட்டன. அந்த லீக்கே இதற்கென்று ‘ப்ரெப் டு ப்ளே’ என்ற பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது. உங்கள் பள்ளி ஆசிரியரிடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். வெறுமனே நாலு சுற்று ஓடவிட்டு வார்ம்-அப் முடிந்தது என்று ஆட்டத்தில் இறக்குவதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

காயம்பட்டவருக்குக் கிளப்புகள் ஆட்டத்துக்கு மார்க் போடாது. அந்த இடத்தில் மீளும் வேலையைப் பேசுவார்கள். முட்டு முழுதாக நீள்கிறதா, தொடைச் சதை எவ்வளவு திரும்பியிருக்கிறது, ஒற்றைக் காலில் நின்று உட்கார்ந்து எழ முடிகிறதா. உங்கள் மகளுக்கும் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டு இதையே எழுதி வையுங்கள். களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமோ ஒரு வருடமோ ஆகலாம். மாவட்டப் போட்டி வருகிறதென்று யார் அவசரப்படுத்தினாலும் டாக்டர் சொல்லாமல் இறக்காதீர்கள்.

தொடர்ந்து தோற்கிறோம். கோச்சை மாற்றினால் சரியாகுமா?
– ஒரு கால்பந்து ரசிகர், அம்பாசமுத்திரம்

சில சமயம் ஆகும். ஆனால் ரிச்மண்ட் கதையைக் கேளுங்கள். அந்தக் கிளப் 2016-இல் 13-ஆவது இடத்தில் முடித்தது. பயிற்சியாளர் டேமியன் ஹார்ட்விக்கை அனுப்பச் சொல்லி ரசிகர்கள் கொதித்தார்கள். கிளப் தன்னையே அலசிப் பார்த்து, அவரை வைத்துக்கொண்டு துணைப் பயிற்சியாளர்களை மாற்றியது. அடுத்த வருடம், 1980-க்குப் பிறகு முதல் தடவையாகக் கோப்பை. பின்னால் 2019, 2020-லும். நீங்களும் முதலில் அலசுங்கள், ஆளை மாற்றுவது அப்புறம்.

ஒரு பையனை அணியில் இருந்து எடுக்கத்தான் வேண்டும் என்றால் எப்படிச் சொல்வது?
– ஒரு கைப்பந்து மன்றத்துக்காரர், நாங்குநேரி

அங்கே அக்டோபரில் கிளப்புகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும், நவம்பரில் டிராஃப்ட் மூலம், அதாவது கிளப்புகள் முறை வைத்து ஆள் தேர்ந்தெடுப்பதன் மூலம், புதிய பையன்கள் வருவார்கள். பட்டியலில் இடம் குறைவு. வருடா வருடம் சிலர் போயே ஆக வேண்டும். நல்ல கிளப், செய்தி வெளியே கசிவதற்கு முன்னால் ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடும். நீங்களும் அதையே செய்யுங்கள். காரணத்தை மழுப்பாதீர்கள், ஆனால் ‘உனக்கு ஆட்டம் வராது’ என்று சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை. ஜேம்ஸ் போட்சியாட்லி என்பவரை இரண்டு கிளப் எடுத்து, ஒரு ஆட்டம்கூட இறக்காமல் விட்டுவிட்டன. ஜீலாங் கிளப் 2010-இல் அவருக்கு முதல் ஆட்டம் கொடுத்தபோது வயது 28. மறு வருடம் கோப்பை வென்ற அணியில் அவர் இருந்தார்.

நான் புதிதாகச் சேர்ந்த பி.டி. டீச்சர். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் ஃபுட்பால் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு தாள் எழுதத் தொடங்கினேன். வருடம் முழுக்க ஒரு மேட்சிலும் இறங்காத ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன எழுத என்று தெரியாமல் நிற்கிறேன்.
– ஒரு இளம் ஆசிரியை, சேரன்மகாதேவி

நீங்கள் தொடங்கினீர்களே, எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! அந்தத் தாள்தான் எல்லாவற்றிலும் முக்கியமான தாள். அங்கேயும் ஒரு கிளப் பட்டியலில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருப்பார்கள், வாரத்துக்கு இறங்குவது, மாற்று ஆட்களையும் சேர்த்து, 23 பேர்தான். மீதிப் பேர் இரண்டாம் நிலை லீக்கில் ஆடுவார்கள், அவர்களுக்கும் சீசன் முடிவில் அதே நாற்காலி, அதே பேச்சு உண்டு. உங்கள் பிள்ளையின் பயிற்சி நாட்களை நினைத்துப் பாருங்கள், எழுத நிறைய இருக்கும். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

‘இந்த வருடம் உன்னை நான் ஒரு போட்டியிலும் இறக்கவில்லை. உன் இடத்தில் பத்தாம் வகுப்பு அக்காமார் இரண்டு பேர் இருந்ததுதான் காரணம். ஜூனில் உனக்கு இடது காலால் பாஸ் போடவே வராது. இப்போது பாதிப் பந்து சரியான ஆளுக்குப் போகிறது. மழை பெய்த நாளிலும் பயிற்சிக்கு வந்து நின்றாய். பந்து உன்னிடம் வந்த பிறகுதான் தலையைத் தூக்கிப் பார்க்கிறாய். வருவதற்கு முன்னாலேயே பார்க்கப் பழக வேண்டும். ஓடத் தொடங்கும்போது முதல் ஐந்தாறு காலடி இன்னும் மெதுவாக இருக்கிறது. லீவில் வாரம் மூன்று நாள் குறுகிய ஓட்டம் ஓடு, தம்பியை நேரம் எடுக்கச் சொல். ஜூனில் பள்ளி திறந்ததும் நான் எடுத்துப் பார்ப்பேன். அக்காமார் இருவரும் வெளியே போகிறார்கள். ஜூலையில் நடக்கும் முதல் நட்புப் போட்டியில் இரண்டாம் பாதி முழுக்க நீ ஆடுவாய்.’

கடைசி வரியை உங்களால் நடத்த முடியும் என்றால் மட்டும் எழுதுங்கள் அம்மா. எழுதியதும் அந்தத் தேதியை உங்கள் டைரியிலும் குறித்துக்கொள்ளுங்கள், அவள் அதை மறக்கமாட்டாள்.